ஒசாகா 1970: உலகக் கண்காட்சியை நேரில் கண்ட நினைவுகள்

‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பின்னால் தெரியும் விநோதமான கட்டடங்கள் அரங்க அமைப்பாளர்கள் போட்ட செட்டா, உண்மையான ஊரா, உண்மை என்றால் அந்த இடம் நேரில் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அவை உண்மையான கட்டடங்கள்தாம். ஜப்பானின் ஒசாகா நகருக்கு வடக்கே, சுயிட்டா என்ற ஊரின் செண்ரி குன்றுகளில், 1970 மார்ச் 15 முதல் செப்டம்பர் 13 வரை 183 நாள்கள் நடந்த உலகக் கண்காட்சி அது. படம் 1973-இல் நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வந்தபோது, அந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவை பிரிக்கப்பட்டு இடம் வெறும் மண்ணாகியிருந்தது. அந்த வகையில், தமிழ்நாட்டு மக்கள் வியந்து பார்த்தது அப்போதே மறைந்துபோயிருந்த ஒரு நகரத்தை.

அதை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கட்டுமானப் பொறியியல் படித்து முடித்தபின், தொழிற்பயிற்சிக்காக ஒசாகாவை அடுத்த ஒரு தொழிற்சாலை விடுதியில் அந்த ஆண்டு தங்கியிருந்தேன். இந்தியாவில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு மிக இறுக்கமாக இருந்த காலம் அது. ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே வெளிநாடு போவது மிகச் சிலருக்குத்தான் இயலும். அதனால் கிடைத்த ஓய்வு நாள்களையெல்லாம் நான் அந்தக் கண்காட்சிக்கே கொடுத்தேன். பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 800 யென். அன்றைய மாற்று விகிதத்தில் நம் பணம் 16 ரூபாய்க்குச் சற்று மேல். பயிற்சியாளனின் உதவித்தொகையில் அது சிறிய தொகையன்று என்றாலும், அதைச் செலவிட்டதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

முதலில் அதன் அளவைச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சி மைதானம் 330 ஹெக்டேர் பரப்புடையது. ஜப்பானையும் சேர்த்து 77 நாடுகள் பங்கேற்றன. இந்தியாவும், அப்போது சிலோன் என்று அழைக்கப்பட்ட இலங்கையும் தனித்தனி அரங்குகள் அமைத்திருந்தன. ஆசியாவில் நடந்த முதல் உலகக் கண்காட்சி அதுவே. அதற்கு முன் 1940-இல் டோக்கியோவில் ஒன்றை நடத்தத் திட்டமிட்டு, நுழைவுச் சீட்டுகளை விற்றுமிருந்தார்கள். சீனாவுடனான போர் நீண்டதால் அது நின்றுபோனது. அன்று வாங்கிய சீட்டைப் போரின் அழிவுக்கு நடுவிலும் பாதுகாத்து வைத்திருந்தவர்கள், 30 ஆண்டுகள் கழித்து அதே சீட்டைக் காட்டி ஒசாகாவில் உள்ளே நுழையலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அவ்வாறே வந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்த நாடு பட்டதையெல்லாம் எண்ணிப் பார்த்தால், ஒரு காகிதச் சீட்டை ஒரு குடும்பம் காப்பாற்றி வைத்திருந்ததன் பொருள் விளங்கும்.

அந்த 183 நாள்களில் வந்த பார்வையாளர் எண்ணிக்கை 6 கோடியே 42 லட்சம். 2010-இல் ஷாங்காய் முறியடிக்கும்வரை எந்த உலகக் கண்காட்சியும் இந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. ஜப்பானின் மக்கள்தொகையே அப்போது 10 கோடியைச் சற்றுத் தாண்டியிருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வந்தவர்களில் வெளிநாட்டார் மிகச் சிறுபகுதியினரே. ஜப்பானியர்கள் சுற்றுலாவுக்காக வெளிநாடு செல்ல அரசு அனுமதித்ததே 1964-இல்தான். அதுவும் செலவுக்குக் கொண்டுபோகும் பணத்துக்கு வரம்பு உண்டு. ஆகவே வடக்கே ஆப்பிள் தோட்டத்திலும் தெற்கே நெல்வயலிலும் உழைத்துவந்த குடும்பங்களுக்கு, உலகத்தை முதன்முறையாகக் கண்ணால் காண்பதற்கு இருந்த ஒரே வழி ஒசாகா. விவசாயக் கூட்டுறவுச் சங்கங்கள் அழைத்துவந்த முதியவர்கள், தலையில் துணி கட்டி, சிறு கொடி பிடித்து முன்னால் நடக்கும் வழிகாட்டியின் பின்னே, ஒருவர் பையை ஒருவர் பற்றிக்கொண்டு வரிசையாகப் போன காட்சியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முதலில் நினைத்துக்கொள்கிறேன். கட்டடங்களைப் பற்றி நிறையச் சொல்லப்போகிறேன் என்றாலும், அந்தக் கண்காட்சியின் உண்மையான பெருமை அதைப் பார்க்க வந்த மக்கள்தாம் என்பது என் உறுதியான கருத்து.

போய்ச் சேர்வதே ஒரு நல்ல அனுபவம். ஒசாகாவின் மிதோசுஜி சுரங்க ரயிலை வடக்கே நீட்டித்து, கண்காட்சியின் வாயில்வரை தண்டவாளம் போட்டு, கண்காட்சிக்காகவே ஒரு தற்காலிக நிலையத்தைக் கட்டியிருந்தார்கள்; முடிந்தபின் அதை அகற்றியும் விட்டார்கள். தொலைதூரத்தவர்கள் 1964-இல் ஓடத் தொடங்கிய புல்லட் ரயிலில் வந்தார்கள். உள்ளே மைதானத்தைச் சுற்றி 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் மோனோரயில் ஓடியது. அரங்குகளுக்கு இடையே, கண்ணாடிக் குழாய் போன்ற கூடத்துக்குள் நகரும் நடைபாதைகள் இருந்தன. அவற்றில் முதன்முதலாகக் கால்வைக்கும் பாட்டிமாரைக் கைபிடித்து ஏற்றிவிடுவதற்கென்றே ஊழியர்கள் நின்றிருந்தார்கள்.

முதன்மை வாயிலைக் கடந்ததும் கண்ணில் படுவது சூரியக் கோபுரம். அதைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் ஒசாகாவைப் பற்றிச் சொல்ல முடியாது. கண்காட்சியின் முழு வரைவுத் திட்டத்துக்கும் பொறுப்பேற்றிருந்தவர் கென்சோ தாங்கே, ஜப்பானின் தலைசிறந்த கட்டடக் கலைஞர். மைய மைதானமாகிய விழாத் திடலின் மேல் அவர் ஒரு மாபெரும் கூரையை வடிவமைத்தார். எஃகுக் குழாய்களை உருண்டை மூட்டுகளால் இணைத்து உருவாக்கிய அந்த முப்பரிமாணச் சட்டகம் 291.6 மீட்டர் நீளமும் 108 மீட்டர் அகலமும் உடையது. தாங்கி நின்றவை ஆறே தூண்கள். இவ்வளவு பெரிய கூரையை உயரத்தில் வைத்துக் கட்டாமல், தரையிலேயே கோத்து முடித்து, தூண்களின் மேல் ஜாக்கிகளைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார்கள். எங்கள் பயிற்சிக்கூடத்தில் அந்தத் தூக்கும் முறையை ஒரு வாரம் முழுவதும் பாடமாக நடத்தினார்கள். பாடத்தில் கோடுகளாகக் கண்டதைத் தலைக்குமேல் வானமாக விரிந்து நிற்கக் கண்டபோது எனக்குப் பேச்சு எழவில்லை.

அந்தக் கூரையைத் துளைத்துக்கொண்டு நின்றது கலைஞர் தாரோ ஒகமோத்தோவின் சூரியக் கோபுரம். உயரம் 70 மீட்டர். இருபுறமும் 25 மீட்டர் நீளத்துக்குக் கைகள். உச்சியில் எதிர்காலத்தைக் குறிக்கும் பொன்முகம், வயிற்றில் நிகழ்காலத்தின் முகம், முதுகில் இறந்தகாலத்தின் கருஞ்சூரியன். ‘மனித குலத்தின் முன்னேற்றமும் இணக்கமும்’ என்பது கண்காட்சியின் கருப்பொருள். ஆனால் கருப்பொருள் அரங்கை அமைக்கும் பொறுப்பை ஏற்ற ஒகமோத்தோவுக்கு, மனிதன் முன்னேறிவிட்டான் என்ற எண்ணத்திலேயே நம்பிக்கை கிடையாது. 1930-களில் பாரீஸில் ஓவியராக வாழ்ந்தபோது மார்செல் மோஸ் என்ற அறிஞரிடம் மானுடவியல் பயின்றவர் அவர். ஜப்பானின் வரலாற்றுக்கு முற்பட்ட ஜோமோன் காலத்து மண்பாண்டங்களில் இருந்த மூர்க்கமான அழகை நாட்டுக்கு எடுத்துக்காட்டியவர். தாங்கேயின் நேர்த்தியான கூரையைக் கண்டதும், அதைக் கிழித்துக்கொண்டு எழும் ஒன்றைச் செய்தே தீரவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இரு பெருங்கலைஞர்களுக்குள் கடுமையான கருத்து மோதல் எழுந்து, கடைசியில் கூரையில் வட்டமாக ஒரு திறப்பு விடப்பட்டது. இணக்கத்தைப் பறைசாற்ற வந்த இடத்தின் நட்டநடுவே ஓர் எதிர்ப்புக் குரல் நின்றதை, அதை அனுமதித்த அமைப்பாளர்களின் பெருந்தன்மையாகவே பார்க்கிறேன். அந்தக் கோபுரம் இல்லாதிருந்தால் ஒசாகா வெறும் தொழிற்பொருள் சந்தையாகப் போயிருக்கும்.

கோபுரத்துக்குள் செல்லும் வழி தரைக்குக் கீழிருந்து தொடங்கியது. உலகின் பல மூலைகளிலிருந்து திரட்டிவந்த முகமூடிகளும் தெய்வ உருவங்களும் இருட்டில் நம்மைச் சூழ்ந்து நின்றன. அவற்றின் நடுவே நிலத்தடிச் சூரியன் என்ற நான்காவது முகம் ஒன்று இருந்தது. அதைக் கடந்தால் கோபுரத்தின் வயிறு. அங்கே 41 மீட்டர் உயரத்துக்கு உயிர் மரம் நின்றது; அடியில் அமீபா போன்ற ஓரணு உயிர்கள், மேலே மீன்கள், அதற்கும் மேலே டைனோசர்கள், பாலூட்டிகள், உச்சியில் மனிதன் என மொத்தம் 292 உருவங்கள் அதன் கிளைகளில் இருந்தன. செந்நிறச் சுவருக்குள் எஸ்கலேட்டரில் ஏறிக்கொண்டே அவற்றைப் பார்த்துச் சென்று, கோபுரத்தின் ஒரு கையின் உட்புறமாக வெளியேறினால் பெருங்கூரையின் சட்டகத்துக்குள் அமைந்த எதிர்கால நகரக் காட்சிக்கு வந்துவிடலாம். உச்சியிலிருக்கும் மனிதனுக்கு அந்த மரத்தில் கிடைத்திருந்த இடம் மிகச் சிறியது. ஒகமோத்தோ சொல்ல விரும்பியது அங்கே சொற்களின்றியே எனக்குப் புரிந்தது.

ஏப்ரல் 26 அன்று ஓர் இளைஞன் தலைக்கவசம் அணிந்து பொன்முகத்தின் கண்ணுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, கண்காட்சியைக் கலைக்கும்படி குரல் எழுப்பினான். சுமார் 159 மணி நேரம் இறங்கவேயில்லை. நாட்டில் மாணவர் போராட்டமும், அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிர்ப்பும் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. செய்தி கேட்டு வந்த ஒகமோத்தோ, சினம் கொள்ளாமல், கீழே நின்று அவனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் விடுதியில் இரவுதோறும் அதைப் பற்றியே பேச்சு நடந்தது. இளைய தொழிலாளர்களில் சிலர் அவன் பக்கம் நின்றார்கள், மூத்தவர்கள் கடிந்துகொண்டார்கள். எல்லோரும் ஒருமனதாகக் கொண்டாடிய விழா என்று ஒசாகாவைச் சித்திரிப்பது சரியாகாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

பொறியியல் மாணவனாக என்னை மிகவும் ஈர்த்தவை காற்றால் நின்ற கட்டடங்கள். அமெரிக்க அரங்கை வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மண்ணை அணைபோல் குவித்து, அதன்மேல் தாழ்வாக ஒரு வெள்ளைக் கூரையைப் போர்த்தியது போலத் தெரியும். நீள்வட்டமான அந்தக் கூரை 142 மீட்டர் நீளம், 83 மீட்டர் அகலம். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. கண்ணாடி இழைத் துணியைக் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் எஃகு வடங்களால் பிணைத்து, உள்ளே காற்றழுத்தத்தை வெளியைவிடச் சற்றே கூட்டி, அந்த அழுத்தத்தாலேயே கூரையை நிறுத்தியிருந்தார் டேவிட் கெய்கர் என்ற பொறியாளர். இதன் பின்னணி சுவையானது: அமெரிக்க நாடாளுமன்றம் அரங்குக்கான நிதியைக் குறைத்துவிட்டதால், முதலில் எண்ணியிருந்த பெரிய வடிவத்தைக் கைவிட்டு, மலிவான வழியைத் தேடியபோது பிறந்ததுதான் இந்தக் கூரை. பின்னாளில் பல நாடுகளில் எழுந்த காற்றுக்கூரை விளையாட்டரங்குகளுக்கும், 1988-இல் திறக்கப்பட்ட டோக்கியோ டோமுக்கும் அதுவே முன்னோடி. நிதிப் பற்றாக்குறையும் திறமையும் சேர்ந்த இடத்தில் என்ன பிறக்கும் என்பதற்கு நான் பின்னர் என் மாணவர்களிடம் எப்போதும் காட்டிவந்த சான்று அதுதான்.

ஃபூஜி குழும அரங்கு இன்னொரு வகை. யுத்தாகா முராத்தா வடிவமைத்த அதில், 4 மீட்டர் விட்டமுள்ள 16 துணிக்குழாய்களில் காற்றை நிரப்பி, வளைத்து, ஒன்றையொட்டி ஒன்றாக நிறுத்தியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஊர்க் கூண்டுவண்டியின் கூரையைச் சிவப்பும் மஞ்சளுமாகச் சாயமிட்டுப் பன்மடங்கு பெரிதாக்கி வைத்தது போல இருக்கும். புயல் வரும் நாளில் குழாய்களின் அழுத்தத்தைக் கூட்டிவிடுவார்களாம். உள்ளே ஓடியது உலகின் முதல் ஐமேக்ஸ் படம். சுழலும் தட்டில் நின்றபடி பார்த்த அந்தத் திரையின் பேருருவத்தை, அதுவரை திரையரங்கு என்றால் என்ன என்று நான் எண்ணியிருந்ததோடு ஒப்பிடவே முடியவில்லை.

நிலாக்கல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அக்காலத்தவர் யாரும் ஏற்கமாட்டார்கள். 1969 நவம்பரில் அப்பல்லோ 12 கொண்டுவந்த பாறைத்துண்டு அமெரிக்க அரங்கில் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருந்தது. அதைக் காண மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். கல்லுக்கு முன்னால் நிற்கக் கிடைப்பதோ சில நொடிகள். அதற்கு மேல் நின்றால் ஊழியர் நகர்த்திவிடுவார். பார்வைக்கு அது சாம்பல் நிறக் கல்தான். ஆயினும் எனக்கு முன்னால் நின்ற ஒரு கிழவர், கோயிலில் செய்வதுபோல் இரு கைகளையும் குவித்து அதை வணங்கிவிட்டு நகர்ந்தார். அவர் மனைவியும் அவ்வாறே செய்தார். வரிசையில் எவரும் சிரிக்கவில்லை. கண்காட்சி தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதமான ஏப்ரல் நடுவில், அப்பல்லோ 13 விண்வெளியில் பழுதுபட்டு மூன்று பேரின் உயிர் ஊசலாடியபோது, அவர்கள் பத்திரமாகக் கடலில் இறங்கிய செய்தி வரும்வரை எங்கள் தொழிற்சாலையில் வானொலியை யாரும் அணைக்கவில்லை. அந்த வாரத்துக்குப் பின் நிலாக்கல்லின் முன் நின்றவர்கள் அதை வேறு கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்க அரங்கு மண்ணோடு மண்ணாகத் தாழ்ந்திருக்க, சோவியத் அரங்கு விரிந்த கொடிபோல் சிவப்பும் வெள்ளையுமாக 100 மீட்டருக்கு மேல் எழுந்து, உச்சியில் சுத்தியலும் அரிவாளும் தாங்கி நின்றது. லெனின் பிறந்து நூறாண்டு நிறைந்த ஆண்டு 1970; ஆகவே உள்ளே அவருடைய உருவங்களும், மேலே தொங்கவிடப்பட்ட விண்கலங்களும் நிறைந்திருந்தன. இரு வல்லரசுகளும் வானத்தைக் காட்டிப் போட்டியிட்ட காலம். இரண்டிலும் கூட்டம் அலைமோதியது. கனடாவின் அரங்கில் கண்ணாடிச் சரிவுகள் வானத்தைத் தரைக்குக் கொண்டுவந்தன. சுவிட்சர்லாந்தின் அரங்கில் அலுமினிய மரம் ஒன்று 32,000-க்கும் மேற்பட்ட பல்புகளோடு இரவில் ஒளிர்ந்தது. அந்த மரத்தடியில் உட்கார்ந்து சோற்று உருண்டைகளை உண்ட குடும்பங்களின் முகங்களில் பல்புகளின் ஒளி படிந்திருந்ததை மறக்க இயலாது.

மேற்கு ஜெர்மனியின் அரங்கும் பெப்சி நிறுவனத்தின் அரங்கும் கலைஞர்களின் கையில் இருந்தன. முன்னது நீலநிறக் கோளம். பார்வையாளர்கள் ஒலி ஊடுருவும் வலைத்தளத்தின்மீது அமர, மேலும் கீழும் சுற்றிலும் பொருத்திய ஒலிபெருக்கிகளிலிருந்து இசை சுழன்று வந்தது. இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஷ்டொக்ஹௌசென் தம் குழுவினருடன் அங்கேயே நாள்தோறும் வாசித்தார். கர்நாடக இசையில் வளர்ந்த என் காதுக்கு அந்த இசை எளிதாகப் பிடிபடவில்லை. ஆனால் ஓர் ஓசை தலையைச் சுற்றி வட்டமிட்டு, காலுக்கடியில் இறங்கிப் போவதை உடலால் உணர்ந்தேன்.

பெப்சி அரங்கு முழுவதும் பனிமூட்டத்தால் மூடப்பட்டிருந்தது. அந்த மூட்டத்தை உருவாக்கியவர் ஃபுஜிக்கோ நாகயா என்ற பெண் கலைஞர். ஆய்வகத்தில் செயற்கைப் பனிப்படிகங்களை முதலில் வளர்த்துக் காட்டிய இயற்பியலாளர் உகிச்சிரோ நாகயாவின் மகள். இரசாயனப் புகை எதுவும் சேர்க்காமல், தூய நீரை மட்டும் நுண்ணிய துளைகள் வழியே மிகுந்த அழுத்தத்தோடு பீய்ச்சி அதைச் செய்திருந்தார். காற்று வீசும் திசைக்கேற்ப அது நகரும், கலையும், மீண்டும் கூடும். ஒசாகாவின் கோடைப் புழுக்கத்தில் குழந்தைகள் அதற்குள் ஓடி மறைந்து நனைந்து வெளிவந்தார்கள். உள்ளே அரைக்கோள வடிவக் கண்ணாடிக் குவிமாடம். குழியாடியின் விதிப்படி, கீழே நிற்பவரின் உருவம் தலைகீழாக, தொட்டுவிடலாம் என்பதுபோல் நடுவானில் தொங்கும். பள்ளியில் கதிர்ப்படம் வரைந்து படித்த மெய்ப்பிம்பம் என்பதை அன்றுதான் நான் கண்டேன்.

பெருவணிக நிறுவனங்களின் அரங்குகள் பலவற்றில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு ஏற்படவில்லை. எதிர்கால வாழ்க்கை என்ற பெயரில் திரைக்காட்சிகளே மிகுந்திருந்தன. என்றாலும் இரண்டைச் சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு அரங்கில் கம்பியில்லாத் தொலைபேசியைக் கையில் கொடுத்து, ஜப்பானில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊரிலிருக்கும் மருமகளிடம் ஒரு மூதாட்டி உரக்கப் பேசி, தான் நடந்துகொண்டே பேசுவதைத் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தார். சான்யோ அரங்கில், மனிதர் உள்ளே உட்கார்ந்தால் தானே குளிப்பாட்டி, மீயொலியால் அழுக்கு நீக்கி, உலர்த்தியும் விடும் குளியல் இயந்திரம் ஒன்றை ஒரு பெண் இயக்கிக் காட்டினார். முன்னது இன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. பின்னது விற்பனைக்கு வராமலே போய், 2025-இல் ஒசாகாவில் மீண்டும் நடந்த உலகக் கண்காட்சியில் புதிய வடிவில் காட்சிக்கு வந்தது.

உணவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல்கேரிய அரங்கில் அந்நாட்டுத் தயிரைச் சர்க்கரையின்றிப் புளிப்போடு பரிமாறினார்கள். இனிப்பூட்டிய தயிரையே அறிந்திருந்த ஜப்பானியர்கள் பலர் ஒரு வாய் உண்டு முகம் சுளித்தார்கள். மாதக்கணக்கில் தயிர்சாதத்துக்கு ஏங்கியிருந்த எனக்கோ அது வீட்டுச் சுவையாக இருந்தது. நான் விரும்பி உண்பதைக் கண்டு, பரிமாறிய பல்கேரியப் பெண்மணி இன்னொரு கிண்ணம் வைத்தார். அந்த அரங்கில் சுவைத்துப் பார்த்த ஒரு ஜப்பானிய நிறுவனத்தார் மறு ஆண்டே அதுபோன்ற தயிரைத் தயாரித்து விற்கத் தொடங்கினார்கள்; பின்னர் பல்கேரியாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இன்று அந்நாட்டின் ஒவ்வொரு கடையிலும் அது கிடைக்கிறது.

வெளிநாட்டு முகத்தைக் கண்டால் குழந்தைகள் சூழ்ந்துகொண்டு குறிப்பேட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒரு பெரும் ஆர்வமாகவே பரவியிருந்தது. நான் ஒவ்வொரு முறையும் தமிழில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். எழுத்தின் வளைவுகளை விரலால் தொட்டுப் பார்த்து, எந்த நாடு என்று கேட்டு, குனிந்து நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைத் தேடி ஓடுவார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் சிறிய அரங்குகளில் பணியாற்றியவர்களுக்கும் இதே அன்பு கிடைத்ததைக் கண்டேன். பெரிய அரங்குகளில் வரிசையில் நிற்க இயலாதவர்கள் அந்தச் சிறிய அரங்குகளுக்குள் நுழைந்து, பெயரே கேள்விப்படாத நாட்டின் மனிதரோடு சைகையால் பேசிவிட்டுப் போவார்கள். நிலாக்கல்லைவிட அதுவே அவர்களுக்குப் பெரிய செல்வமாக இருந்திருக்கும்.

ஜப்பானிய அரசின் அரங்கு கண்காட்சியின் சின்னமான செர்ரிப் பூவைப் போல ஐந்து வட்டக் கூடங்களாக அமைந்திருந்தது. அதில் அணுவைப் பற்றிய இரண்டு பெரிய திரைச்சீலைகள் எதிரெதிரே தொங்கின. ஒன்றின் பெயர் இன்பக் கோபுரம், மற்றதன் பெயர் துன்பக் கோபுரம். பின்னதில் ஹிரோஷிமா நாகசாகியின் துயரம் நெய்யப்பட்டிருந்தது. அணுகுண்டு விழுந்து அப்போது 25 ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே கண்காட்சிக்கு, தொடக்க விழா நடந்த மார்ச் 14 அன்றே உற்பத்தியைத் தொடங்கிய சுருகா அணுமின் நிலையம் மின்சாரம் அனுப்பியது. ஆகஸ்டில் மிஹாமா நிலையமும் சேர்ந்துகொண்டபோது மைதானத்தின் மின்பலகையில் அதை அறிவித்தார்கள், கூட்டம் கைதட்டியது. என்னுடன் வந்திருந்த தொழிற்சாலை ஃபோர்மன் ஹிரோஷிமா மாவட்டத்தைச் சேர்ந்தவர். துன்பக் கோபுரத்தின் முன் அவர் நெடுநேரம் நின்றார், மின்பலகைக்கும் கைதட்டினார். இரண்டும் ஒரே மனிதருக்குள் எப்படி இருக்க முடிந்தது என்பதை அன்று கேட்க எனக்குத் துணிவில்லை. 2011-இல் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்துக்குப் பிறகு அதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அந்த இரு நிலையங்களின் முதல் உலைகளும் 2015-இல் மூடப்பட்டுவிட்டன.

செப்டம்பர் பிறந்ததும், முடியப்போகிறதே என்ற தவிப்பில் நாடே திரண்டு வந்தது. செப்டம்பர் 5, சனிக்கிழமை, ஒரே நாளில் 8,35,832 பேர் நுழைந்தார்கள். இரவில் அத்தனை பேரையும் ஏற்றிச்செல்ல ரயில்கள் போதவில்லை; ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள்ளேயே இரவைக் கழித்தார்கள். அவ்வளவு நெரிசலிலும் பெட்டிக்குள் ஏறுவதற்கு ஒருவரையொருவர் தள்ளாமல் நின்ற அந்த மக்களின் பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முடிந்தபின் நேர்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரங்குகள் விரைவில் பிரிக்கப்பட்டன. பெருங்கூரையும் 1970-களின் இறுதியில் கழற்றப்பட்டு, அதன் ஒரு சிறு பகுதி மட்டும் நினைவாகத் தரையில் வைக்கப்பட்டது. அகற்றப்படவிருந்த சூரியக் கோபுரம், மக்கள் வேண்டுகோளால் நிரந்தரமாகக் காக்கப்படும் என்று 1975-இல் முடிவாயிற்று. நிலத்தடியில் காட்டிய முகமூடிகளும் உருவங்களும் வீணாகவில்லை. அவற்றையும் அடித்தளமாகக் கொண்டு அதே இடத்தில் தேசிய இனவியல் அருங்காட்சியகம் 1977-இல் திறக்கப்பட்டது. நிலத்தடிச் சூரியனாகிய நான்காவது முகம் மட்டும் காணாமல் போய், இன்றுவரை கிடைக்கவில்லை. 2,098 பொருள்கள் அடங்கிய காலப்பேழைகள் இரண்டை ஒசாகாக் கோட்டை வளாகத்தில் புதைத்தார்கள். மேலே இருப்பதை 2000-இல் திறந்து பார்த்து மீண்டும் மூடினார்கள். நூறாண்டுக்கு ஒருமுறை அது திறக்கப்படும். கீழே இருப்பதற்குக் குறித்த ஆண்டு 6970.

நீங்கள் ஜப்பான் செல்ல நேர்ந்தால் அந்த இடத்தை இன்றும் காணலாம். இப்போது அது நினைவுப் பூங்கா, மோனோரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். சூரியக் கோபுரத்தின் உட்புறம் பல்லாண்டு மூடிக் கிடந்து, செப்பனிடப்பட்டு, 2018 மார்ச்சில் மக்களுக்குத் திறக்கப்பட்டது; உயிர் மரத்தை மீண்டும் காணலாம், ஆனால் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. ஜப்பானிய எஃகுத் தொழில்துறையின் அரங்கு இடிக்கப்படாமல் நின்று, இப்போது 1970 கண்காட்சியின் அருங்காட்சியகமாக இருக்கிறது. பொன்முகத்தின் முதல் வடிவத்தை அங்கே அருகிலிருந்து பார்க்கலாம். முதலில் அந்த அருங்காட்சியகத்தில் பழைய மைதானத்தின் மாதிரியைப் பார்த்து இடங்களைப் பதியவைத்துக்கொள்ளுங்கள்; அதன்பின் கோபுரத்துக்குச் செல்லுங்கள்; இனவியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாளைத் தனியாக ஒதுக்குங்கள்.